ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் எம்.எஸ். படிக்க கன்சல்டன்சியில் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

நீலகிரியில் இருந்து வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என் தங்கைக்கு குன்னூரில் ஒரு கன்சல்டன்சி செய்ததை வேறு எந்தக் குடும்பத்துக்கும் செய்ய விடக் கூடாது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதத்தை முழுதாகச் சொல்கிறேன். இதே விதம் கோவையிலும் சென்னையிலும்கூட நடக்கலாம்.

தங்கை கோவையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் உயிர். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு, வாராவாரம் நடக்கும் குன்னூர் தேயிலை ஏல விலைகளைச் சேகரித்து, விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பைத்தானில் ஒரு மாடல் போட்டாள். ஏலத்தில் விலை சரிந்தால் பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்குமோ என்று கவலைப்படும் சிறு விவசாயிகள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததில் வந்த ஆர்வம் அது. ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங், அதாவது கணக்கையும் ப்ரோக்ராமிங்கையும் நிதித் துறையில் பயன்படுத்தும் படிப்புக்கு, அமெரிக்காவில் பரூக் காலேஜ், கார்னெகி மெலன், என்.ஒய்.யு. கூரன்ட், பெர்க்லி என்று எங்கெங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளே பட்டியல் எழுதி வைத்திருந்தாள்.

அந்த அலுவலகத்தின் போர்டில் 'மலை இறங்காமலே வெளிநாட்டுப் படிப்பு' என்று போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கோவை போய் வருவது என்ன பாடு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வரிக்காகவே போகிறவர்கள் உண்டு. அப்பா கார்டைட் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 95,000 ரூபாய் எடுத்துக் கட்டினார். எட்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம், எஸ்.ஓ.பி. (ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று மாணவர் எழுதும் கட்டுரை), சிபாரிசுக் கடிதங்களுக்கான ஏற்பாடு, விசா எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தனியாக, ரொக்கமாக வாங்கினார்கள். ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று ஒரே வரி.

முதல் நாளே அவள் பெயரில் புதிய ஜிமெயில் ஒன்றைத் திறந்தார்கள். ஓ.டி.பி.க்கு மட்டும் அவள் நம்பர், பாஸ்வேர்டு அவர்களிடம். "நீ எதையும் பார்த்து டென்ஷன் ஆக வேண்டாம்மா, மெயில் எல்லாம் எங்களுக்கு வந்தாத்தான் ஃபாலோ பண்ண முடியும்" என்றார் அங்கே இருந்தவர். பின்னால் நடந்த எல்லா மோசடிக்கும் இதுதான் வேர்.

மாதக்கணக்கில் எப்போது கேட்டாலும் "ப்ராசஸ்ல இருக்கு" என்ற ஒரே பதில். மார்ச் மாதம் அவர்களே கூப்பிட்டார்கள். அவள் கேட்ட இடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். ஆனால் பட்டியலிலேயே இல்லாத வேறொரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். ஃபைனான்ஸ் கிடைத்திருக்கிறதாம். ஒரு வாரத்துக்குள் டெபாசிட் கட்டாவிட்டால் அதுவும் போய்விடுமாம். "எல்லாம் ஒண்ணுதாம்மா, அதுவும் ஃபைனான்ஸ்தானே" என்று ஒரு வார்த்தை.

இரண்டும் ஒன்றே கிடையாது. ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங்கில் பாதிக்கு மேல் கணக்கும் ப்ரோக்ராமிங்கும்தான்: நிகழ்தகவு, ஸ்டொகாஸ்டிக் கால்குலஸ், எண்முறைகள், சி பிளஸ் பிளஸ். பொதுவான ஃபைனான்ஸ் படிப்பு கம்பெனிக் கணக்கு, முதலீடு, நிர்வாகம் என்று போகும். வேலை என்று வரும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடிப்பவர்களுக்கு ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிப்பு கேட்கலாம். எது ஸ்டெம் என்பதை முடிவு செய்வது படிப்புக்குக் கொடுத்திருக்கும் சி.ஐ.பி. குறியீடு. ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் படிப்புகள் பலவற்றுக்குக் கொடுக்கும் ஃபைனான்ஷியல் மேதமேட்டிக்ஸ் குறியீடு 27.0305, இது பட்டியலில் இருக்கிறது. பொது ஃபைனான்ஸுக்கு 52.0801, அது இல்லை. இந்தக் குறியீடு பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்திலேயே அச்சாகி வரும். பல லட்சம் கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இந்த இரண்டு வருடம் எவ்வளவு பெரிய விஷயம்! அதை மறைத்துவிட்டு "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்ல எப்படி மனசு வந்தது என்று இன்றும் புரியவில்லை.

தங்கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜிமெயிலில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தாள். ஓ.டி.பி. அவள் போனுக்கே வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், பட்டியலில் பாதிக்கு மேல் விண்ணப்பங்கள் போகவே இல்லை. பரூக் விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் நிரப்பியிருந்தது. கட்டணம் செலுத்தப்படவில்லை என்றே காட்டியது. அப்பாவிடம் ரொக்கமாக வாங்கிய பணம் எங்கே போனது? பெர்க்லிக்கு அவர்கள் எழுதி வைத்திருந்த குறிப்பு 'செப்டம்பர் இன்டேக்'. அங்கே அந்தப் படிப்பு வழக்கமாகத் தொடங்குவது மார்ச்சில். அதைக்கூடப் பார்க்காதவர்கள்தான் நிபுணர்கள் என்று போர்டு மாட்டியிருந்தார்கள்.

அனுப்பிய சில விண்ணப்பங்களில் இருந்த எஸ்.ஓ.பி.யைப் படித்தபோது தங்கை அழுதுவிட்டாள். மூன்றாவது பத்தியில், "தூத்துக்குடி துறைமுகத்தில் ஏற்றுமதித் தொழில் செய்யும் என் குடும்பம்" என்று இருக்கிறது. யாரோ ஒரு பையனுடைய கட்டுரையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தேயிலை ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளை மற்ற ஆயிரம் பேரிடமிருந்து தனியாகக் காட்டியிருக்கக்கூடியது அந்த ப்ராஜெக்ட் ஒன்றுதான்.

அதைவிடப் பயங்கரம் சிபாரிசுக் கடிதங்கள். பல்கலைக்கழகம் நேராகப் பேராசிரியருக்கு ஒரு லிங்க் அனுப்பும், அவர்தான் அதில் கடிதத்தை ஏற்ற வேண்டும். இவர்கள் பேராசிரியர்கள் பெயரில் தாங்களே ஜிமெயில் முகவரிகளை உருவாக்கி, தாங்களே கடிதம் எழுதி ஏற்றியிருக்கிறார்கள். தங்கை தன் ப்ராஜெக்ட் கைடுக்கு போன் செய்தாள். "எனக்கு ஒரு மெயிலும் வரலையேம்மா, வந்திருந்தா சந்தோஷமா எழுதியிருப்பேனே" என்றார் மேடம். போலிக் கடிதம் என்று தெரிந்தால் கிடைத்த இடத்தையும் ரத்து செய்வார்கள். விசாவுக்குப் பொய் ஆவணம் கொடுத்ததாக ஆகிவிட்டால் அமெரிக்காவுக்குள் நுழையவே நிரந்தரத் தடை வரலாம். 2023-ல் கனடாவில் போலிச் சேர்க்கைக் கடிதங்களால் நம் நாட்டு மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்குப் போனது நினைவிருக்கும். ஏஜெண்ட் செய்த தப்புக்கு மாணவன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சில பல்கலைக்கழகங்கள் ஆள் பிடித்துக் கொடுத்தால் ஏஜெண்டுக்கு கமிஷன் தருகின்றன. பெயர் பெற்ற ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் படிப்புகளில் இடம் குறைவு, விண்ணப்பிப்பவர்கள் மிக அதிகம். அவர்களுக்கு ஏஜெண்டே தேவையில்லை. ஆக, நீங்கள் கேட்கும் இடத்தில் உங்களைச் சேர்ப்பதால் கன்சல்டன்சிக்கு ஒரு பைசா லாபமில்லை. கமிஷன் தருகிற இடத்துக்குத் திருப்பிவிட்டால் இரண்டு பக்கமும் வரும்படி. பணம் கட்டும் முன் "எந்தெந்த யுனிவர்சிட்டியில் உங்களுக்கு கமிஷன் உண்டு?" என்று நேராகக் கேளுங்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். இந்தப் படிப்பை உண்மையாகவே தெரிந்தவர் முதலில் கேட்பது, என்னென்ன கணக்குப் பாடம் படித்திருக்கிறாய், லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், ப்ராபபிலிட்டியில் என்ன மார்க் என்பதைத்தான். இவர்கள் தங்கையிடம் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. பரூக்கில் நேர்காணலிலேயே கணக்கு கேட்பார்கள். கணக்கில் குறை இருப்பவர்களுக்காக அவர்களே ப்ரீ-எம்.எஃப்.இ. (எம்.எஃப்.இ. என்றால் மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங்) என்று முன்தயாரிப்பு வகுப்புகள் நடத்துகிறார்கள். இதெல்லாம் பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கிறது.

என் கருத்தில் இந்தப் படிப்புக்கு கன்சல்டன்சியே வேண்டாம். விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் உங்கள் அல்லது அப்பாவின் கார்டில் நேராக. ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்புத் தகுதித் தேர்வு எழுதும் அன்றைக்கே நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். இவர்கள் அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். சந்தேகம் இருந்தால் எஜுகேஷன் யு.எஸ்.ஏ.வின் சென்னை மையத்தில் கேளுங்கள், அது அமெரிக்க அரசின் ஆலோசனைச் சேவை. எந்தச் சூழ்நிலையிலும் மெயிலும் பாஸ்வேர்டும் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. "நிலம் இருந்தா லோன் கிடைச்சிரும்" என்று இவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் அரசு வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். பட்டா இல்லாத செக்‌ஷன் 17 (கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தின் பிரிவு) நிலத்தை வைத்து அது நடக்காது. டெபாசிட் கட்டுவதற்கு முன்பே மேனேஜரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 30,000 திருப்பித் தருகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, ஆடியோ எதையும் அழிக்காதீர்கள். விண்ணப்பம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் இன்றைக்கே அந்த மெயிலைத் திறந்து, கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா, சிபாரிசு செய்பவர்கள் பெயருக்கு நேராக எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.