மெல்பர்ன் ஜான் பேட்மேன் நினைவுக்கல்: போனா கீழ இருக்கிற பலகைய விட்டுடாதீங்க

5க்கு 4 ஸ்டார் குடுக்கறேன், கல்லுக்கு இல்ல, அதோட அடில பதிச்சிருக்கிற பலகைக்கு.

2023ல அப்பா ஊர்லேருந்து வந்திருந்தாரு. குயின் விக்டோரியா மார்க்கெட்டுக்கு காய் வாங்கக் கூட்டிட்டுப் போனப்ப கார் பார்க்கிங் பக்கம் இந்தத் தூணைப் பாத்துட்டு நின்னுட்டாரு. ப்ளூஸ்டோன்னு இங்க சொல்ற கருங்கல்லு, 1881ல ஊர்க்காரங்க காசு போட்டு வெச்சதுன்னு அதுலயே எழுதியிருக்கு. மெல்பர்ன உருவாக்கினவர்னு சொல்ற பேட்மேன் செத்தது 1839ல, அதுவரைக்கும் 40 வருஷத்துக்கு மேல சமாதில ஒரு கல்லு கூட கிடையாது.

அந்தக் கல்லும் நிலையா ஒரு எடத்துல நிக்கல. மார்க்கெட் இருக்கிற எடம் முன்னாடி இடுகாடு, மார்க்கெட்டுக்கு எடம் பத்தலன்னு 1922ல எலும்ப தோண்டி ஃபாக்னர்ங்கற ஏரியா கல்லறைக்குக் கொண்டு போயிட்டாங்க, கல்ல மட்டும் மெல்பர்ன்ல ஓடற யாராங்கற ஆத்தோட கரைல பேட்மேன் அவென்யூல வெச்சாங்க, அப்புறம் 1992ல கல்லு திரும்பி வந்துடுச்சு, ஆளு வரல. மெல்பர்ன உருவாக்கினது நானா நீயான்னு அவரோட போட்டி போட்டவர் பேரும் ஃபாக்னர்தான், அவர் பேர் வெச்ச ஏரியாலதான் இவர் இப்ப படுத்திருக்காரு. கல்லுக்கு அடில ஆள் இல்ல, ஆனா மார்க்கெட் ஷெட்டுக்கும் பார்க்கிங்குக்கும் கீழ எடுக்காம விட்டவங்க சுமார் 9,000 பேர் இருக்காங்க. அது தெரிஞ்சப்புறம் அங்க கார் நிறுத்தவே மனசு வரல எனக்கு.

கல்லுல என்ன இருக்குன்னா, 1835ல இவர் வந்து மெல்பர்ன நிறுவினாரு, அப்ப அந்த எடத்துல யாருமே குடியிருக்கலன்னு. அப்பா பத்திர எழுத்தரா இருந்தவரு. அதே வருஷம் ஜூன்ல உருண்ட்ஜெரிங்கற பூர்வகுடி மக்களோட பெரியவங்ககிட்ட பேட்மேன் 6 லட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் போட்டாரு, போர்வை, கத்தி, கண்ணாடி, கத்தரிக்கோல், மாவு எல்லாம் தரேன்னாருன்னு நான் சொன்னேன். அப்பா உடனே கேட்டாரு, "ஏம்மா, ஆளே இல்லாத நெலத்துக்கு எழுதிக் குடுத்தது யாரு?"

அந்தக் கேள்விக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பூர்வகுடி மக்களோட வழக்கத்துல நெலத்த விக்கிறதே கிடையாது, வந்தவங்கள வரவேத்து தங்க விடற சடங்குன்னு நெனச்சுதான் சம்மதிச்சிருப்பாங்கன்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆகஸ்ட்ல சிட்னில இருந்த கவர்னர் பர்க், நெலம் எல்லாம் பிரிட்டிஷ் ராஜாவோடதுன்னு ஒப்பந்தத்தையே செல்லாதுன்னு அறிவிச்சுட்டாரு. அதுக்கு முன்னாடி டாஸ்மேனியால பூர்வகுடி மக்கள வேட்டையாடின கூட்டத்துக்கு பேட்மேன் தலைமையா போயிருக்காரு, அதுவும் கல்லுல இல்ல. அயர்லாந்துல பொறந்து தண்டனைக் கைதியா வந்த அவர் மனைவி எலைசாவும் இல்ல, ஏழு பொண்ணுங்களும் இல்ல, யாரா ஆத்துல மூழ்கிப் போன ஒரே பையனும் இல்ல.

இப்ப அந்தப் பலகை. 1992ல ஒண்ணு வெச்சாங்க, இந்த மண்ணுல முன்னாடியே மக்கள் வாழ்ந்தாங்கன்னு. 2004ல இன்னொண்ணு, மெல்பர்ன் நகராட்சியே இந்தக் கல்லு சொல்றது தப்புன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேக்குது. பழைய வரிய செதுக்கி அழிக்காம பக்கத்துலயே திருத்தம் வெச்சது சரின்னுதான் எனக்குப் படுது, பொய்ய யாரு எப்ப சொன்னாங்கன்னு பேரன் பேத்திக்கும் தெரியணும்ல. ஆனா குனிஞ்சு பாத்தாதான் கண்ணுல படும், அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறச்சேன்.

2025 ஜனவரில, வெள்ளக்காரங்க குடியேறினத கொண்டாடற ஆஸ்திரேலியா டேக்கு முந்தி யாரோ இந்தத் தூண சாய்ச்சுட்டாங்க, அதனால போறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. மார்க்கெட்டுக்கு திங்கள், புதன் லீவு. சிட்டிக்குள்ள டிராம் ஃப்ரீ, காரே வேணாம். அப்பா அந்த ரெண்டு பலகையையும் ஃபோட்டோ எடுக்கச் சொல்லி, ராத்திரி ஃபோன்ல அம்மாவுக்கு வரி வரியா தமிழ்ல படிச்சுக் காட்டினாரு.