வில்லிஸா ஃபோர்டா? போர்க்கால ஜீப்ல ஒரிஜினல் இன்ஜினைக் கண்டுபிடிக்கிறது

ரெண்டாம் உலகப்போர் ஜீப் வாங்கப் போறவங்க முதல்ல கேக்குறது "நம்பர் மேட்சிங்கா?"ன்னுதான், அதாவது இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒண்ணா இருக்கான்னு. ஒரே டிசைன் ஜீப்பை ரெண்டு கம்பெனி செஞ்சாங்க: வில்லிஸ் செஞ்சது எம்பி, ஃபோர்டு செஞ்சது ஜிபிடபிள்யூ. ஃபோர்டு ஜிபிடபிள்யூ-ன்னா கேக்க வேண்டிய கேள்விதான், வில்லிஸ் எம்பி-ன்னா அது அர்த்தமில்லாத கேள்வி. ரெண்டுலயும் ஒரே டிசைன் கோ-டெவில் இன்ஜின்தான், 134 கியூபிக் இன்ச், 60 குதிரை சக்தி, ஆனா நம்பர் அடிச்ச விதம் வேற.

ஃபோர்டுல இன்ஜின் நம்பரையே சேஸிஸ்லயும் (வண்டியோட அடிச்சட்டம், ஃப்ரேம்னும் சொல்லுவாங்க) அடிச்சுட்டாங்க, இடது பக்க ரெயில்ல, அதாவது நீளச் சட்டத்துல, முன்னாடி மேல்பக்கம் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க. வில்லிஸ்ல சேஸிஸ் நம்பர் தனியா ஒரு தகட்டுல, இடது முன்பக்க ஃப்ரேமோட உள்புறம் ரிவெட் அடிச்சு இருக்கும், இன்ஜின் நம்பர் வேற வரிசையில ஓடுது, ரெண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போற வில்லிஸ்னு ஒருத்தர் காட்டினா சந்தோஷப்படாதீங்க, பின்னாடி யாரோ உக்காந்து அடிச்ச நம்பரா இருக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தி.

இன்ஜின் நம்பர், இன்ஜின் பிளாக்கோட வலது பக்கம், முன்னாடி ஆயில் ஃபில்டர் கிட்ட இருக்கும். கெரசின் போட்டு தேய்ச்சுட்டு டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, அந்த இடம் மட்டும் வழவழன்னு கிரைண்டர் பட்ட மாதிரி பள்ளமா இருந்தா, இல்ல எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு இருந்தா உஷாராயிடுங்க. அதுக்காக உடனே டூப்ளிகேட்னும் சொல்லிட முடியாது, ஆர்மி ஒர்க்‌ஷாப்லயே இன்ஜினை இறக்கி ரீபில்ட் பண்ணி கைக்குக் கிடைச்ச வண்டியில ஏத்தி விட்டிருக்காங்க, வில்லிஸ் ஃப்ரேம்ல ஃபோர்டு இன்ஜின் அப்படித்தான் வந்து உக்காரும். ஃப்ரேம் யாருதுன்னு பாக்க ரேடியேட்டருக்குக் கீழ இருக்குற குறுக்குக் கம்பி போதும், வில்லிஸ்னா உருண்டை பைப், ஃபோர்டுன்னா கவுத்துப் போட்ட ‘ப’ மாதிரி.

என்னைக் கேட்டா ஃபோர்டுதான் ஈசி. போல்ட் தலையில கூட ‘எஃப்’னு போட்டு வச்சிருப்பாங்க, நம்பரை யாரும் புதுசா அடிச்சுடலாம், இத்தனை போல்ட்டையும் தேடிப் பிடிச்சு மாட்டுறது லேசுப்பட்ட வேலையா என்ன.

நிஜமா ஏமாத்துறது போருக்கு அப்புறம் வந்த சிவிலியன் சிஜே-2ஏ இன்ஜின், வெளிய பாத்தா அச்சு அசல் அதே. நம்பர் ‘ஜே’ல ஆரம்பிக்கும், அதுக்கு அடுத்த சிவிலியன் மாடல் சிஜே-3ஏ-ன்னா ‘3ஜே’, போருக்கு அப்புறம் வந்த மிலிட்டரி ஜீப் எம்38-ன்னா ‘எம்சி’. நம்பரே அழிஞ்சு போயிருந்தா இன்ஜின் முன்பக்கம் இருக்குற டைமிங் கவரைக் கழட்டச் சொல்லுங்க: போர்க்கால இன்ஜின்ல கேம்ஷாஃப்டைச் சுத்துறது செயின்தான், உள்ள கியர் இருந்தா அது பின்னாடி வந்த இன்ஜின், பேச்சே இல்ல. செயின் இருந்தாலும் ஒரிஜினல்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆரம்பகால 2ஏ-லயும் செயின்தான் வந்துச்சு.

கோ-டெவிலுக்கு அப்புறம் வில்லிஸ் கொண்டுவந்த ஹரிக்கேன் இன்ஜினை அடையாளம் கண்டுபிடிக்க இவ்வளவு பாடு தேவையில்ல. பானெட்டைத் திறந்ததும் மேல வால்வு கவர் தெரிஞ்சா அதுதான், கோ-டெவில் ஹெட் தட்டையா இருக்கும், பிளக்கெல்லாம் மேல நோக்கி நிக்கும்.