இரவு பத்தரைக்கு போன் செய்து நினைவூட்டிய லேப்

அம்மாவின் கார்டிசால் பரிசோதனைக்காக கிருஷ்ணகிரியில் இரண்டு லேப்களைப் பார்த்துவிட்டேன். இது இரண்டாவது லேபைப் பற்றி.

அம்மாவுக்கு ஆறு மாதமாக முகம் உப்பியிருக்கிறது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறது. களி கிண்டிவிட்டு அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார். டாக்டர் 'ஸ்டீராய்டு அளவு பார்க்கணும்' என்றதும், "நான் அந்த ஊசியே போட்டதில்லையே சார்" என்று பயந்துபோனார். கார்டிசால் என்பது உடம்பே செய்துகொள்ளும் ஸ்டீராய்டு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கொலஸ்ட்ராலிலிருந்து செய்வது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அது ரத்தத்திலிருந்து நேரே மூளைக்குள் போகும். ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதி ஹிப்போகாம்பஸ். எலிகளில் கார்டிசாலின் வேலையைச் செய்யும் கார்டிகோஸ்டிரோனை அது நிறைய வாங்கிக்கொள்வதை 1968-ல் புரூஸ் மெக்யூவன் என்ற விஞ்ஞானி காட்டியிருக்கிறார். அளவு மீறி நெடுநாள் இருந்தால் அங்கே நரம்பு செல்களின் கிளைகள் சுருங்குமாம். கார்டிசால் மிகும் குஷிங் நோயில், சிகிச்சைக்குப் பின் அந்தப் பகுதி ஓரளவு மீண்டும் பெருத்ததையும் பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கார்டிசால் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும். முதல் லேபில் காலை பதினொன்றரைக்கு ரத்தம் எடுத்தார்கள், யாரும் நேரம் கேட்கவில்லை. டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு, இரவு 11 மணிக்கு கார்டிசாலை அடக்கிப் பார்க்கும் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் மாத்திரை, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் என்று எழுதிக்கொடுத்தார்.

இந்த லேபில் பதிவு செய்யும்போதே ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடிய மூட்டுவலிப் பொடி, தைலம், இன்ஹேலர் எதுவும் உண்டா என்று விசாரித்தார்கள். இரவு பத்தரைக்கு போன் செய்து, "அம்மா மாத்திரையைக் கையில் எடுத்து வெச்சிட்டாங்களா?" என்று கேட்டார்கள். காலை 7.50-க்கு ஒரு பெண் காவேரிப்பட்டினத்தில் எங்கள் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினார். சரியாக எட்டு மணி ஆகட்டும் என்று காத்திருந்து, ஒரே குத்தில் எடுத்தார். டியூபில் நேரத்தையும் எழுதினார்.

குறை என்றால், ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆனது. எண்ணுக்கு அர்த்தம் கேட்டால் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள், அது சரிதான்.

வந்த கார்டிசால் அளவு டெசிலிட்டருக்கு 1.2 மைக்ரோகிராம். 1.8-க்குக் கீழே இருந்தால் குஷிங் இருக்க வாய்ப்பு குறைவு என்றார் டாக்டர். அம்மா அன்று நன்றாகச் சாப்பிட்டார். அடுத்து தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். திங்கட்கிழமை அதே பெண்ணையே அனுப்பும்படி லேபில் சொல்லி வைத்திருக்கிறேன்.