மூன்றாவதோடு நிறுத்திவிடாதீர்கள்: அவுட்லாண்டர் நாவல் வரிசை

டயானா கேபல்டான் எழுதிய அவுட்லாண்டர் வரிசையில் இதுவரை வந்திருக்கிற ஒன்பது பெரிய நாவல்களையும் படித்து முடித்துவிட்டேன். நான்கு வருஷம் ஆயிற்று. பெரும்பாலும் காட்பாடியில் ஏறி ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போகிற இரண்டு மணி நேரத்திலும், சாயங்காலம் அதே வண்டியில் திரும்பி வரும்போதும் படித்ததுதான். என் செட்டையே எங்கள் வட்டத்தில் நான்கு பேர் கைமாற்றிப் படித்தோம். பாகாயத்தில் இருக்கிற ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒருவர், என்னோடு வேலை பார்க்கிற தோழி, காட்பாடியில் என்ஜினியரிங் படிக்கிற என் சித்தி பெண், அப்புறம் நான். மற்ற மூவரும் ஒரே குரலில் சொன்னது, "முதல் மூணு புத்தகம் போதும், அதுக்கு மேல இழுவை" என்றுதான். அக்கா மட்டும் பிறகு மனம் மாறினார், அதைக் கீழே சொல்கிறேன். எனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. மூன்றாவதோடு நிறுத்தியவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, போர்முனையில் நர்ஸாக இருந்த கிளேர் தன் கணவன் ஃபிராங்கோடு ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் ஊருக்கு வருகிறாள். அங்கே குன்றின் மேல் வட்டமாக நட்டிருக்கிற பழைய கற்களில் ஒன்றைத் தொட்டவள் 1743-ல் போய் விழுகிறாள். ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவன் அவளை விசாரணைக்குக் கொண்டுபோகத் துடிக்கிறான். அவனிடமிருந்து காப்பாற்ற ஒரே வழி அவளை ஒரு ஸ்காட்லாந்துக்காரனுக்குக் கட்டிவைத்துவிடுவது, அப்போதுதான் சட்டம் அவளைத் தொடாது. அப்படி அவசரத்தில் முடிகிற கல்யாணம் ஜேமி ஃபிரேசரோடு. அவன் அவளைவிட வயதில் சின்னவன். அவளுக்கோ இருநூறு வருஷம் தள்ளி ஏற்கெனவே ஒரு புருஷன் இருக்கிறான்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் காம்பு கிள்ளிப் போட்டுக்கொண்டே, "முன்பின் தெரியாதவனைக் கட்டிக்கிட்டு அப்புறம் பிரியம் வந்துச்சு, இதுல என்ன இருக்கு, எங்க எல்லாருக்கும் அப்படித்தானே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அந்த முதல் புருஷன் என்ன ஆனான், பாவம்?" என்று கேட்டாள். படிக்காமலேயே அம்மா இந்த வரிசையின் இரண்டு முக்கியமான இடத்தையும் தொட்டுவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. நாம் படித்து வளர்ந்த மாத நாவல்களில் காதல் கல்யாணத்தில் போய் முடியும், இல்லையென்றால் ஊடல் தீர்ந்த இடத்தில் முடியும். இங்கே கல்யாணம் முதல் புத்தகத்தின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு எட்டரைப் புத்தகம் இருக்கிறது. அவர்கள் சண்டை போடுகிறார்கள், பிள்ளையைப் பறிகொடுக்கிறார்கள், பிரிகிறார்கள், நரைத்த தலையோடு மறுபடி சேர்கிறார்கள், கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள், பேரன் எடுக்கிறார்கள். பங்காளிச் சண்டையும், தாய்மாமன்களின் அதிகாரமும், யார் கையில் குலத்தின் தலைமை என்கிற இழுபறியும் நமக்கு அந்நியமாகவே இல்லை.

இது அறிவியல் புனைகதையா, வெறும் காதல் கதையா என்று என் தோழி விடாமல் வாதாடுவாள். கல்லைத் தொட்டால் காலம் தாண்டுவது எப்படி அறிவியல் ஆகும் என்பது அவள் கட்சி. எழுதியவர் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதற்காக நான் எதிர்ப்பக்கம் பேசவில்லை, கதைக்குள் இருக்கிற விதிகள் கறாராக இருப்பதற்காகப் பேசுகிறேன். எல்லோராலும் போக முடியாது, அது ரத்தத்தில் வருகிற கூறு, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். போகிறவர்களுக்கு ரத்தினக் கல் துணை செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காலம் ஒரே வேகத்தில் ஓடுகிறது. இவள் இங்கே இருபது வருஷம் வாழ்ந்தால் அவனுக்கும் அங்கே இருபது வருஷம் போய்விடும், திரும்பிப் போய் பழைய இளைஞனைப் பிடிக்க முடியாது. இந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் காதலுக்கே எடை இருக்காது. அதனால்தான் இதை அறிவியல் காதல் கதை என்று தயங்காமல் சொல்வேன்.

அந்த விதி வேலை செய்கிற இடம் மூன்றாவது நாவலான வாயேஜரில் வருகிற அச்சகக் காட்சி. ஸ்காட்லாந்துக் கிளர்ச்சிக்காரர்கள் ஆங்கில அரசின் படையிடம் தோற்ற கலோடன் போரில் ஜேமி செத்துவிட்டான் என்று நம்பி, வயிற்றில் பிள்ளையோடு தன் காலத்துக்குத் திரும்பியவள், மகளை வளர்த்து, மருத்துவம் படித்து, பாஸ்டனில் அறுவை மருத்துவராகி, ஐம்பதை நெருங்கும்போது அவன் உயிரோடு இருந்ததாகத் தெரிந்து மறுபடி கல்லுக்குள் போகிறாள். ஜேமி எடின்பரோவில் வேறு பெயரில் அச்சகம் நடத்துகிறான். மாடிப்படி ஏறிப் போகிறாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அச்சு இயந்திரத்தின் மேல் குனிந்திருக்கிறான், வேலைக்காரப் பையன்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து ஏதோ கேட்கிறான். அவள் தன் பெயரைச் சொல்கிறாள். திரும்பிப் பார்க்கிறான், அப்படியே மயங்கிச் சரிந்துவிடுகிறான். அவ்வளவு பெரிய ஆள், போரைப் பார்த்தவன், ஜெயிலைப் பார்த்தவன். அப்புறம் அவள் கொண்டுவந்த மகளின் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுகிறான், பார்க்காமலே வளர்ந்துவிட்ட மகள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வருகிற கூச்சம் இருக்கிறதே, என் உடம்பு மாறிவிட்டது, இன்னும் பிடிக்குமா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பயப்படுவது, அதை வாலாஜா ரோடு தாண்டும்போது படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நடுவயதுப் பெண்ணின் ஆசையை இவ்வளவு மரியாதையோடு எழுதி நான் அதிகம் படித்ததில்லை.

அதே புத்தகத்தில் வேலூர்க்காரர்களுக்கு வேறு மாதிரி உறைக்கிற ஒரு இடம் உண்டு. 1746 ஏப்ரல் 16-ல் கலோடனில் தோற்ற பிறகு, ஹைலாண்டு என்கிற ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் தங்கள் கட்டம்போட்ட உடுப்பை அணியவே கூடாது என்று ஆங்கில அரசு சட்டம் போட்டது, 1782 வரை அந்தத் தடை இருந்தது. கதையில் ஜேமி இருக்கிற ஜெயிலில் ஒரு சின்னப் பையனிடம் அந்தத் துணியின் கிழிசல் ஒன்று அகப்பட்டுவிடுகிறது. அது என்னுடையது என்று ஜேமி கையை நீட்டி, பையனுக்குப் பதிலாகத் தான் கசையடி வாங்கிக்கொள்கிறான். ஒரு துண்டுத் துணிக்காக. மக்கான் சிக்னலில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைத் தினம் கடந்து போகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெற்றியில் குறி இடாதே, தாடி வைக்காதே, கடுக்கன் போடாதே, இந்தப் புதுத் தலைப்பாகையைத்தான் வைக்க வேண்டும் என்று உடுப்பில் கை வைத்ததுதானே 1806 ஜூலை 10-ல் கோட்டைக்குள் வெடித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நாவலில் வராத வரலாறு. கலோடனில் தோற்று முடிந்த 1745 கிளர்ச்சியில், தன் குடும்பம் இழந்த அரியணையை மீட்க வந்த இளவரசர் சார்லஸ் பக்கம் நின்று பிடிபட்டு மன்னிப்புப் பெற்ற லார்டு மெக்லியோட் என்பவர், பின்னாளில் அதே ஆங்கில அரசுக்காக ஒரு ஹைலாண்டர் படையைத் திரட்டி 1780-ல் சென்னையில் வந்து இறங்கினார். அந்தப் படையின் ஒரு பகுதி அதே செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்புவின் சேனையிடம் சிக்கி அழிந்தது. ஜேமி மாதிரி ஆட்களின் அடுத்த அத்தியாயம் நம் ஆற்காட்டுச் சீமைக்கே வந்திருக்கிறது.

சரி, மூன்றுக்கு மேல் ஏன் படிக்க வேண்டும்? நர்ஸ் அக்காவைக் கேளுங்கள். நான்காவது நாவலில் இருவரும் அமெரிக்காவின் வட கரோலினா மலைக்காட்டில் குடியேறுகிறார்கள், அங்கிருந்து கதை வேகம் குறைந்து குடும்பக் கதையாகிறது, அக்கா அங்கேதான் மூடி வைத்திருந்தார். நான் வற்புறுத்தி, 2001-ல் வந்த ஐந்தாவதான தி ஃபியரி கிராஸில் பாம்புக்கடி வருகிற பகுதியை மட்டும் படிக்கச் சொன்னேன். ஜேமியைக் கிலுகிலுப்பைப் பாம்பு காலில் கடித்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து என்ற பேச்சே இல்லாத காலம். கால் வீங்கிச் சீழ் வைத்து, வெட்டி எடுத்துவிடலாமா என்கிற நிலை. கிளேரிடம் பூஞ்சையிலிருந்து தானே எடுத்த பென்சிலின் இருக்கிறது, உள்ளே செலுத்த ஊசி இல்லை. அப்போது பொறியியல் படித்த மகள் பிரியானா, கடித்த பாம்பின் பல்லையே ஊசியாக்கிவிடுகிறாள், விஷம் இறங்குவதற்காகத்தான் அந்தப் பல்லுக்குள் துளை இருக்கிறதே. விஷம் வந்த வழியாலேயே மருந்தும் போகிறது.

அக்கா முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவர், கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் கடித்துக் கொண்டுவருகிறவர்களைக் கணக்கில்லாமல் பார்த்தவர். "வீக்கத்தை எழுதியிருக்கிறது சரியா இருக்கு, பக்கத்துல உக்காந்து தூங்காம பார்த்துக்கிறவங்களோட மனசும் சரியா இருக்கு. ஆனா வீட்டுல எடுத்த பென்சிலின்ல வீரியம் எவ்வளவுன்னு தெரியாம எப்படிம்மா குத்துறது" என்றார். அந்தக் கவலை கிளேருக்கே உண்டு என்று சொன்னதும் புத்தகத்தை முதலிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். ஆறாவதில் கிளேர் ஈதர் காய்ச்சி ஒரு சிறுவனுக்குக் குடல்வால் அறுவை செய்கிறாள். உலகம் அறிய ஈதர் மயக்கம் கொடுத்து அறுவை நடந்தது 1846-ல், இவள் அதற்கு எழுபது வருஷம் முன்னாலேயே கையில் வைத்துக்கொண்டு, ஊர் தன்னைச் சூனியக்காரி என்றுவிடுமோ என்று பயந்து பயந்து செய்கிறாள். கிளேர் பிறந்ததாகக் கதை சொல்கிற 1918-ல்தான் நம் ஊரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார், அதை அக்காதான் எனக்குச் சொன்னார், சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை எழுத எனக்கு வரவில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. முதல் நாவலில், தன் பேச்சைக் கேட்காமல் போய் மற்றவர்கள் உயிருக்கும் ஆபத்தை வரவழைத்தாள் என்று ஜேமி அவளை பெல்ட்டால் அடிக்கிற இடம் இருக்கிறது. அந்தக் காலத்து வழக்கம் அது என்று தோழி சொல்கிறாள், சித்தி பெண் அந்த இடத்தில் புத்தகத்தையே தூக்கிப் போட்டுவிட்டாள். நான் சித்தி பெண் பக்கம். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் கை ஓங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாலும், அதை எழுதியிருக்கிற தொனியில் ஒரு லேசுத்தன்மை இருக்கிறது, அது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. பாலியல் வன்முறை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் புத்தகத்தின் கடைசியில் ஜேமிக்கே நடப்பதை அவ்வளவு விவரமாக எழுதியிருக்க வேண்டுமா என்பது ஒருபக்கம், ஆண் அப்படி உடைந்து மீள்வதை எழுதின துணிச்சல் இன்னொரு பக்கம். ஆனால் பின்னால் வருகிற புத்தகங்களில் கதையை நகர்த்தவே அதைக் கையில் எடுப்பது போல இருக்கிறது. மூன்றாவதில் வருகிற சீனப் பாத்திரத்தைக் கேலிச்சித்திரமாக்கியிருப்பது அசிங்கம். ஐந்தாவது நாவல் ஒரே நாளை நூறு பக்கத்துக்கு மேல் இழுத்துத்தான் தொடங்கும், பொறுமை வேண்டும். படுக்கையறைக் காட்சிகள் நிறைய, பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகம் இல்லை.

ஆங்கிலம் கொஞ்சம் முரடு. ஸ்காட்லாந்துப் பேச்சு அப்படியே வரும், நடுவில் ஹைலாண்டுக்காரர்களின் கேலிக் (Gaelic) மொழிச் சொல் வரும். முதல் நூறு பக்கத்தில் காது பழகிவிடும். ஜேமி அவளை 'சாஸனாக்' என்று கூப்பிடுவான், இங்கிலீஷ்காரி என்று அர்த்தம், ஊரார் வாயில் அது வசவு. 'வெள்ளைக்காரி' என்று நாம் முகத்தைச் சுளித்துச் சொல்கிற மாதிரி. அவன் வாயில் மட்டும் அது செல்லப் பெயராகிவிடுகிறது. படிக்க நேரமில்லை என்றால் டாவினா போர்ட்டர் வாசித்த ஒலிப்புத்தகம் இருக்கிறது, முதல் நாவல் மட்டுமே முப்பது மணி நேரத்துக்கு மேல். அக்கா சமையல் நேரத்தில் அதைத்தான் கேட்கிறார், உச்சரிப்பு புரிய அது நல்ல துணை. 2014-ல் தொடங்கின தொலைக்காட்சித் தொடரும் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனால் கிளேரின் மனதுக்குள் ஓடுகிற மருத்துவக் கணக்கு திரையில் பாதிகூட வரவில்லை, புத்தகத்தை முதலில் படியுங்கள்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வாயேஜரை நான் முதலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன். கள்ளப் பதிப்பு, சாணித்தாள், நடுவில் முப்பத்திரண்டு பக்கம் இல்லை, அச்சகக் காட்சி பாதியில் அறுந்து நின்றது. கேட்டதற்கு விற்ற சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இந்த மாதிரி தடித்த புத்தகங்களை வாங்கும்போது பக்க எண்ணைப் புரட்டிப் பார்த்து, முதுகுத் தையலை விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாவல் வந்தது 1991-ல், ஒன்பதாவது 2021 நவம்பரில். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏழு வருஷ இடைவெளி. பத்தாவதுக்காக நானும் காத்திருக்கிறேன், அதில் இந்த இருவரையும் கேபல்டான் எங்கே கொண்டுபோய் விடப்போகிறாரோ என்ற பயத்தோடு. அக்கா இப்போது ஏழாவதில் இருக்கிறார். போன வாரம் போன் செய்து, "அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாதில்ல? அதை மட்டும் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை.