காம்பஸும் ஸ்கேலும் வைத்து இஸ்லாமிய வடிவங்கள் வரைவது: சில வருட அனுபவம்

பாகைமானியை முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். சில வருடமாக இஸ்லாமியக் கலையில் வரும் இந்த நட்சத்திர வடிவங்களைக் கையால் வரைகிறேன், ஒரு இடத்திலும் அது தேவைப்படவில்லை. காம்பஸ், கோடு போட ஒரு ஸ்கேல், அவ்வளவுதான். ஒரு வட்டம் போட்டு, காம்பஸின் விரிவை மாற்றாமல் அந்த வட்டத்தின் மேலேயே நகர்த்திக்கொண்டு போனால் ஆறாவது தடவை தொடங்கிய புள்ளிக்கே வந்து நிற்கும், அறுகோணமும் ஆறுமுனை நட்சத்திரமும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஆனால் காம்பஸ் நல்லதாக இருக்கணும். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் வருவது வரையும்போதே விரிந்து கொடுக்கும். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் தவறினாலும் ஆறாவது தடவையில் மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்கும். இன்ஜினியரிங் மாணவர்கள் வாங்கும், நடுவில் திருகு வைத்த காம்பஸ் நாகர்கோவில் கடைகளில் கிடைக்கிறது; விலை கூடுதல்தான், ஆனால் என்னுடையது இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. அதில் 2எச் பென்சில் லெட் போட்டு, முனையை உப்புத்தாளில் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், தாள் ஈரத்தை இழுத்து லேசாக நீளும், அதுவும் ஒரு திசையில்தான் அதிகம் நீளும், அதனால் நேற்று ராத்திரி போட்ட வட்டமும் இன்று போடுகிற வட்டமும் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாது. மழைக்காலத்தில் பென்சிலில் போடும் அடிப்படைக் கோடுகள் முழுவதையும் ஒரே இருப்பில் முடித்துவிடுவேன். மை போடுவது மறுநாள்.

எட்டுமுனை எளிது, ஒரு வட்டத்துக்குள் இரண்டு சதுரம். பத்துமுனைதான் பாடாய்ப் படுத்தும். அதற்கு வழி காட்டியது ஹாங்கின் முறை. ஆக்ராவில் நுண்ணுயிரியலாளராக இருந்த ஈ.எச். ஹாங்கின், பதேபூர் சிக்ரியில் பழைய சாந்துப் பூச்சில் கைவினைஞர்கள் கீறி வைத்திருந்த மங்கலான கோடுகளைக் கவனித்து, 1925-ல் தொல்லியல் துறை வெளியீடாகவே எழுதினார். பலகோணங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி அடுக்கி, ஒவ்வொரு விளிம்பின் நடுப்புள்ளியிலும் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு போட்டு, வேறு கோட்டில் முட்டும்வரை நீட்டணும். அப்புறம் பலகோணங்களை அழித்துவிட்டால் நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சும். எத்தனையோ தாள் வரைந்த பிறகும் அந்த அழிக்கிற நேரம் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராகப் பத்துமுனைக்கு ஓட வேண்டாம். அறுகோணத்தை வைத்தே ஒரு தாள் முழுக்க நிரப்பிப் பாருங்கள், ஓரத்து நட்சத்திரமும் நடு நட்சத்திரமும் ஒரே அளவில் வந்தால் எட்டுக்குப் போகலாம்.