துவக்கு கனடாவில், ஏமாந்தது யாழ்ப்பாணத்தில்

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது, மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, கண்ணால் காணாத ஒரு துவக்குக்குக் காசு எண்ணிக் கொடுத்தேன். துவக்கு இருந்தது கல்கரியில். விற்றவரும் கல்கரிவாசிதான், நான் ரொறன்ரோ. கனடாவில் நாங்கள் ஒருநாளும் சந்தித்ததில்லை. ஊரில் சந்தித்தோம், ஊரை நம்பி வாங்கினேன், வடிவாக ஏமாந்தேன். இந்த வருடமும் வந்திருக்கிறேன். அதே ஒழுங்கையால் போய் வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வெளிநாட்டில் சூட்டுக் கழகங்களில் சேர்கிற எங்கட பெடியளாவது இதை வாசிக்கட்டும்.

துவக்கு என்றதும் இங்கே ஆட்களுக்கு முகம் மாறும். மாறத்தானே செய்யும். நான் இப்படியொரு சாமான் வாங்கப்போகிறேன் என்று தெரிந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இவ்வளவு காலம் கேட்ட வெடிச்சத்தம் காணாதே உனக்கு?" பதில் இல்லை. நான் சுடுவது இரும்புத் தட்டு. ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு தட்டை நட்டுவிட்டு, காற்றையும் வெயிலையும் கணக்குப் பார்த்து, அது 'டங்' என்று சொல்கிறதா என்று காத்திருப்பது. அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்து, வகுப்புக்குப் போய், சோதனை எழுதித்தான் இதற்குள் வந்தேன். தூண்டில் போடுகிறவனுக்கு இருக்கும் அதே பைத்தியம், செலவு மட்டும் கூட.

விற்றவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மச்சாளின் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்று சொல்லித்தான் அறிமுகமே நடந்தது. தேத்தண்ணி வந்தது, பருத்தித்துறை வடை வந்தது, பிறகு கைபேசி வந்தது. அதில் ஒரு படம். நூறு மீற்றரில் சுட்ட கடதாசி, மூன்று ஓட்டைகள், பக்கத்தில் கனடாவின் இரண்டு டொலர்க் குற்றி. மூன்று ஓட்டையையும் அந்தக் குற்றியால் மூடலாம், இன்னும் இடம் மிஞ்சும்.

"அண்ணை, பாருங்கோ. நானூறு வெடிகூடப் போகேல்லை. குழல் புதுசு மாதிரி. எங்கட ஆளுக்குத்தான் குடுக்கவேணும் எண்டு வைச்சிருந்தனான்."

சாமான் என்னவென்றால், .338 லப்புவா மக்னம் ரவை போடுகிற போல்ட் துவக்கு. போல்ட் என்பது ஒவ்வொரு வெடிக்கும் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுவது. சன்னம், அதாவது ரவையில் இருந்து பறந்துபோகிற முனைக்குண்டு, 8.6 மில்லிமீற்றர் விட்டம். பாரமான சன்னம் 300 கிறெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். அதை நொடிக்கு 830 மீற்றர் அளவு வேகத்தில் தள்ளும். குழல் வாயை விட்டு வெளியேறும்போது சன்னத்தின் சக்தி ஆறாயிரத்து ஐந்நூறு ஜூலுக்கு மேல் வரும். 2020 மே மாதம் கனடா 10,000 ஜூலுக்கு மேற்பட்டதையெல்லாம் தடைசெய்துவிட்டது. அதில், இன்னும் பெரிய .50 ரவைத் துவக்கு வைத்திருந்தவர்கள் அடிபட்டுப் போனார்கள். தூரம் போக ஆசைப்படுகிறவர்கள் பலருடைய கண்ணும் அதற்குப் பிறகு .338 பக்கம்தான். அந்த ஆசையைத்தான் விற்க வந்த தம்பி பிடித்தார்.

"2009இல ஆப்கானிஸ்தானில கிறெய்க் ஹரிசன் எண்ட பிரித்தானியச் சிப்பாய் 2475 மீற்றரில அடிச்சதும் இதே ரவைதான், அண்ணை."

உண்மைதான், அடித்தார். ஆனால் தூரம் பிடிபடுவதற்கு முன் அவர் எத்தனை வெடி வைக்கவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் யார் வாங்குவார்கள்? அவருடைய துவக்கின் குழல் எப்படி இருந்தது என்பதற்கும் கல்கரிப் பெட்டிக்குள் கிடக்கிற குழல் எப்படி இருக்கிறது என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வடை நல்லாக இருந்தது.

மூன்று வெடிக் கடதாசி ஏன் பெறுமதி இல்லாதது என்பது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. ஒரே துவக்கில் மூன்று வெடி வைத்தால் வரும் பரம்பலைவிட, பத்து வெடி வைத்தால் வரும் பரம்பல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். துவக்கில் பிழை இருந்தால் என்றில்லை, எண்ணிக்கை கூடினாலே அப்படித்தான். அதோடு, பத்துத் தரம் மூன்று மூன்றாகச் சுட்டு, அதில் வடிவான ஒன்றைப் படம் எடுத்து வைத்தால் எந்தக் குழலும் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். புரோக்கர் காட்டுகிற படத்தைப் பார்த்துக் கலியாணம் முடிக்கக்கூடாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்படியும் முடிக்கிறோம்.

விலை 6500 டொலர், தொலைநோக்கியும் சேர்த்து. 3500ஐ அங்கே வங்கியால் அனுப்பச் சொன்னார். மிச்சத்தை இங்கேயே தன் அம்மாவிடம் ரூபாயாகக் கொடுத்தால் நல்லது, கிணற்றுக் கட்டும் மதிலும் செய்விக்க வேண்டியிருக்கிறது என்றார். வங்கியில் மாற்றி ஆறரை லட்சம் அளவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனுசி காசை வாங்கிச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் தந்தா. துண்டுச்சீட்டு ஒன்றும் இல்லை. மாம்பழம் தந்த கையிடம் ரசீது கேட்கிறதா?

திரும்பிப் போய் மூன்று கிழமையில் பாசல் வந்தது. ஒன்றைச் சொல்லவேண்டும்: சட்டத்தை மட்டும் தம்பி ஒழுங்காகப் பார்த்தார். 2022இல் இருந்து, கைமாற்றுவதற்கு முன் வாங்குகிறவருடைய அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்த்து இலக்கம் எடுக்கவேண்டும், எடுத்தார். அரசாங்கம் என்னைச் சரிபார்த்தது. குழலைச் சரிபார்க்கவேண்டிய ஆள் நான்.

முதல் நாள் நூறு மீற்றரில் மூன்று வெடி. கிட்டத்தட்டப் படத்தில் கண்ட மாதிரியே இருந்தது. சந்தோசத்தில் வீட்டுக்கு அடித்துச் சொன்னேன். அப்புறம் நிறுத்தாமல் பத்து வரை போனேன். ஐந்தாவது வெடியோடு ஓட்டைகள் பிரியத் தொடங்கின. பத்து முடிந்தபோது அளந்து பார்த்தால் ஏழு சென்ரிமீற்றர். நூறு மீற்றரில் ஏழு என்றால் 1500இல், வேறு எந்தப் பிழையும் சேராமலே, ஒரு மீற்றருக்கு மேல். என்னுடைய தட்டு அரை மீற்றர் அகலம்.

அடுத்த கிழமை தூரத்துக்குக் கொண்டுபோனேன், நாலு மணித்தியாலக் கார் ஓட்டம். அங்கேதான் இரண்டாவது அடி. 1500 மீற்றருக்கு இந்தச் சன்னத்துக்கு 16 மில் அளவு உயர்த்தவேண்டும். ஒரு மில் என்பது ஆயிரம் மீற்றரில் ஒரு மீற்றர். தொலைநோக்கியின் மேல்குமிழைத் திருகிக்கொண்டு போகிறேன். பதினொன்றில் 'டக்' என்று நின்றுவிட்டது. அதற்கு மேல் போகாது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. தொலைநோக்கி பூட்டுகிற றெயில் தட்டையானது. தூரத்துக்குச் சுடுகிறவர்கள் முன்பக்கம் சற்றுப் பதிந்த, 20 கலை, அதாவது ஒரு பாகையில் மூன்றிலொரு பங்கு, சரிவு உள்ள றெயில் போடுவார்கள். அந்தச் சரிவே ஆறு மில்லுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் தரும். இதைப் போட்டு அவர் 1500 மீற்றரில் "எத்தனையோ தரம் அடிச்சனான்" என்றது எப்படி? குமிழே அவ்வளவுக்குத் திரும்பாதே. அன்று கதையை மூட்டை கட்டியிருக்கவேண்டும். நான் பிடிவாதத்தில் இருபத்திரண்டு ரவையை, ஒன்று எட்டு டொலர்ப்படி, கிட்டத் தூரங்களில் மண்ணுக்குள் விட்டேன்.

மூன்றாவது அடி அந்தத் தொலைநோக்கியேதான். ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, துவக்கு வாங்காதவர்களும் விளங்கிக்கொள்ளலாம். நூறு மீற்றரில் உயரமான ஒரு பலகையை நிமிர்த்தி, தூக்குக்குண்டு பிடித்து நேராக ஒரு கோடு கீறுகிறது. கீழே ஒரு புள்ளியைக் குறிபார்த்துச் சுடுகிறது. பிறகு குமிழில் 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்து மறுபடி சுடுகிறது. இரண்டு ஓட்டைக்கும் இடையில் சரியாக ஒரு மீற்றர் வரவேண்டும். எனக்கு வந்தது 94 சென்ரிமீற்றர். ஆறு சதவீதம் என்ன பெரிய விஷயமா என்றால், 16 மில்லில் ஆறு சதவீதம் ஏறக்குறைய ஒரு மில். 1500இல் அது ஒன்றரை மீற்றர் அளவு கீழே. ஒரு மாங்கன்றை நட்டு, பக்கத்து வளவுக்குள் தண்ணி ஊற்றுகிற மாதிரி.

இவ்வளவுக்கும் பிறகுதான் துவக்குத் திருத்துகிற கிழவரிடம் கொண்டுபோனேன். வெள்ளைக்காரர், எழுபது வயது இருக்கும், கதை குறைவு. மெல்லிய கம்பியின் நுனியில் கமரா பூட்டி, ரவை இருக்கும் அறைப் பக்கமாகக் குழலுக்குள் விட்டார். திரையைப் பார்த்ததும் எனக்குக் கதை முடிந்துவிட்டது. சித்திரையில் வற்றிய குளத்தில் தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்குமே, அதே மாதிரி. ஒவ்வொரு வெடிக்கும் எரிவாயுவின் சூடும் அமுக்கமும் குழலின் தொண்டையில்தான் முதலில் அடிக்கிறது. உருக்கு வெடித்து, புரி (சன்னத்தைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரி) தொடங்கும் விளிம்பு தேய்ந்து, முன்னுக்குத் தள்ளிப்போய்விடும். பிறகு சன்னம் புரியைப் பிடிக்குமுன் கொஞ்ச தூரம் பிடிமானம் இல்லாமல் பாய்கிறது. கோணலாகப் போய்ப் பிடித்தால் கோணலாகத்தான் வெளியே வரும். குழல் ஆறியிருக்கும்போது முதல் இரண்டு மூன்று வெடி ஒழுங்காகப் போகலாம். தம்பியின் படத்துக்கு அவ்வளவும் போதும்.

".338 குழலுக்கு ஆயுள் ஆயிரத்து ஐந்நூறில் இருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வெடி வரைதான், எப்படிச் சுட்டாய் என்பதைப் பொறுத்து," என்றார் கிழவர். "இது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது." நானூறு வெடி என்று சொன்னதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். சிரிக்கக்கூட இல்லை. மேலதிகமாக ஒன்றையும் காட்டினார். துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் தள்ளும்போது கம்பி புரியோடு சேர்ந்து சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று பார்த்தால் புரியின் சுற்று தெரிந்துவிடும். 300 கிறெய்ன் சன்னத்துக்குப் பத்து அங்குலத்துக்கு ஒன்று என்ற அளவு வேண்டும். அது மட்டும் இதில் சரியாக இருந்தது. இரண்டு நிமிச வேலை.

தம்பிக்கு அடித்தேன். முதல் நாள், "அண்ணை, பாசலில ஆடியிருக்கும்." குழலின் தொண்டை பாசலில் ஆடி வெடிக்குமா என்று கேட்டேன். இரண்டாம் நாள், "நீங்கள் வேற ரவை போட்டிருப்பியள்." மூன்றாம் நாள் தொடக்கம் எடுக்கவில்லை. இதில் எனக்கு அதிகம் உறைத்தது வேறொன்று. கொஞ்ச நாள் கழித்து, வேறு ஒருவருடைய விற்பனை விளம்பரம் ஒன்றில் அதே கடதாசியைக் கண்டேன். அதே மூன்று ஓட்டை, அதே குற்றி, மூலையில் அதே கோப்பிக் கறை. அந்தப் படம் தம்பியுடையதோ, அவரும் யாரிடமோ எடுத்ததோ, எனக்கு விளங்கவில்லை.

இனி வாங்குகிறவர்களுக்கு என் புத்தி எட்டிய அளவில்: விற்கிறவர் எத்தனை வெடி என்று வாயால் சொல்வதை விடுங்கள், ஒவ்வொரு நாளும் எழுதிய கொப்பியைக் கேளுங்கள். தூரத்துக்குச் சுடுகிற எவனும் காற்று, வெப்பம், வேகம் எல்லாம் எழுதிவைப்பான். கொப்பி இல்லாதவன் சுடவில்லை, அல்லது காட்ட விருப்பமில்லை. தொண்டையின் கமராப் படம் கேளுங்கள், அன்றைய திகதியோடு. பத்து வெடி ஒரே கடதாசியில் வேண்டும். வேகமானியில் எடுத்த இலக்கங்களும் வேண்டும். நொடிக்கு பத்து மீற்றர் வேக வித்தியாசம் 1500இல் அரை மீற்றருக்கு மேல் உயர வித்தியாசமாக வந்து விழும், நூறு மீற்றர்க் கடதாசியில் அது தெரியவே தெரியாது. மற்றபடி துவக்கின் கட்டை, நிறம், கால்தாங்கி எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம், அவை மாற்றுகிற சாமான்கள். குழலும் மாற்றுகிற சாமான்தான், ஆனால் எனக்குப் பூட்டுக் கூலியோடு 1500 டொலர் போயிற்று. தொலைநோக்கி அலுமாரியில் கிடக்கிறது. நூறு மீற்றரில் ஒன்றும் செய்யாது, பிள்ளைகள் நிலவு பார்க்கிறார்கள்.

முந்தாநாள் மத்தியானம் பண்ணைப் பாலத்தடியில் நின்றேன். மண்டைதீவுக் கரை கானலில் மிதந்துகொண்டு ஆடியது. கானல் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் காற்று. தட்டுக்குச் சுடும்போது நாங்கள் காற்றை இப்படித்தான் வாசிப்பது. பக்கத்தில் நின்ற மருமகனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு விருப்பம் வந்துவிட்டது போலக் கிடக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

வரும் வழியில் அந்த வீட்டைக் கடந்தோம். கிணற்றுக் கட்டு புதிதாகச் சீமெந்து பூசியிருந்தது, மதிலும் எழும்பி நிறம் அடித்தாயிற்று. மனுசி படலையடியில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டா. "தம்பி, எப்ப வந்தனீர்? மகன் உம்மளைப் பற்றிக் கதைச்சவன், நல்ல மனுசன் எண்டு." உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். துவக்குக் கதை எடுக்கவில்லை. இந்த முறையும் ஒரு பை மாம்பழம் தந்தா.