நெஞ்சு படபடத்தால்: நாடியைப் பிடிப்பதா, கையை எடுப்பதா?

ஈசிஜி எடுத்துப் பார்த்து, "இதயத்தில் ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்ன பிறகும் நெஞ்சு திக்கென்கிறதா? உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இன்னும் காட்டாதவர்கள் முதலில் போய்க் காட்டிவிடுங்கள்.

பலரும் செய்வது நாடி பிடிப்பதுதான். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து எண்ணுவார்கள். நிமிடத்துக்கு 78 வந்தால் நிம்மதி. அப்புறம் கொஞ்ச நேரத்தில் மறுபடி எண்ணத் தோன்றும். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், துடிப்பு ஏறும், ஏறியதைக் கண்டு பயம் இன்னும் கூடும். காது கொடுத்துக்கொண்டே இருந்தால், நல்ல இதயத்திலும் எப்போதாவது தப்பும் ஒரு துடிப்பு இடி மாதிரி விழும்.

கையை எடுப்பது கஷ்டம். ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன். தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) ஏறும் படியில் நெஞ்சு அடித்தால், மூச்சை நீளமாக வெளியே விட்டு, தொடர்ந்து ஏறுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை துடிக்கும் இதயம் நம்ம ஊர் மேட்டில் 120ஐத் தாண்டத்தான் செய்யும். எண்ணாமல் விட்டால் முதலில் பயம் கூடும். உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். இரவில் படபடப்பு என்றால் அந்தி நேரத்துச் சாயத்தண்ணியை (பால் சேர்க்காத தேநீரை) குறைத்துப் பாருங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மயக்கம் வந்தால் இரண்டு வழியும் வேண்டாம். உடனே இலங்கையின் ஆம்புலன்ஸ் எண் 1990க்கு அழையுங்கள். வண்டி லயம் வரை வராதென்றால் ஒருவரை வீதிக்கு அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள்; நோயாளியை நடக்க விடாதீர்கள்.